குரல் பதிவு வரட்டும், பட்டியல் திரும்பிப் போகட்டும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தந்தையார் நடத்திவந்த மளிகைக் கடையை இப்போது நானும் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம். புதன், சனி ஆகிய இரு நாள்களிலும் எங்கள் வேன் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோகிறது. வாடிக்கையாளர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்பிச் சாமான் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதும்போது தவறு நேர்கிறது. அரிசியின் வகை மாறிப்போகிறது; சொன்னதைச் சொல்லவில்லை என்றும், சொல்லாததைச் சொன்னார்கள் என்றும் வாக்குவாதம் வருகிறது. இதற்காக ஒரு நிறுவனத்திடம் பணம் கொடுத்துக் கைப்பேசிச் செயலி செய்துகொண்டோம். பலர் பதிவிறக்கினார்கள், ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. மறுபடியும் குரல் பதிவுதான் வருகிறது. தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, எல்லாவற்றையும் தமிழில் மாற்றிப் புதிய செயலி செய்வோம் என்கிறார் அண்ணன். செயலித் திரைகளின் படங்களை இணைத்திருக்கிறேன். புதிதாகச் செய்வதா, இருப்பதைத் திருத்துவதா?

— வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய செயலித் திரைகளின் படங்கள் அனைத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அண்ணன் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குரல் பதிவு அனுப்புகிறவர் கைப்பேசியைத் திறக்கிறார், பல பெயர்களுக்கு நடுவே உங்கள் கடையைத் தேடி எடுக்கிறார், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேண்டியதைச் சொல்கிறார், கடையில் பார்த்துவிட்டார்களா என்று நீலக் குறியைக் கொண்டு தெரிந்துகொள்கிறார். இத்தனையும் செய்யத் தெரிந்தவருக்குக் கைப்பேசி பழக்கமில்லை என்பது நியாயமாகாது. உங்கள் செயலி அவரிடம் வாங்கும் வேலை மிக அதிகம்; அதனால்தான் அவர் ஒரு முறையோடு விட்டுவிடுகிறார்.

அந்த வேலையை ஒரு முறை பின்தொடர்ந்து பாருங்கள். திறந்தவுடன் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. தோட்டத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கு மின்னஞ்சல் இருந்தாலும், கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரரோ மகனோ அமைத்துக் கொடுத்ததாகவே அது இருக்கும். அதன் கடவுச்சொல்லை அவர் தெரிந்துவைத்திருக்கத் தேவை வந்திருக்காது. அடுத்து முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அடையாள அட்டையில் உள்ளபடி எழுதலாம் என்று முயன்றவருக்கு, 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்று குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றின் நடுவில் உள்ள சாய்கோட்டை ஏற்க மறுத்து, 'தவறான உள்ளீடு' என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது உங்கள் படிவம். எந்தத் தவறும் செய்யாமல் தம் பெயரை எழுதிய ஒருவரிடம் அது தவறு என்று சொல்லும் திரை, அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பிறகு தெருப் பெயர், அஞ்சல் குறியீடு. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்குத் தெருப் பெயர் ஏது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண் ஆகியவைதான் உங்கள் வேன் ஓட்டுநர் அறிந்த முகவரி. சுங்கை சிப்புட்டின் அஞ்சல் குறியீடு 31100 என்பது கடைக்கே தெரியுமே, அதை வாடிக்கையாளர் ஏன் எழுதித் தரவேண்டும்?

இவ்வளவையும் கடந்து உள்ளே வந்தவர் அரிசியைக் கண்டுபிடிக்க உணவுப் பொருள், தானியம், அரிசி, வகை, எடை என்று ஐந்து முறை தொட வேண்டியிருக்கிறது. சம்பளம் போட்ட வாரத்தில் வாங்கும் மாதச் சாமான் பதினைந்து வகை என்று வைத்துக்கொண்டால் 75 தொடுதல்கள். அதே பட்டியலைக் குரல் பதிவில் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். இரண்டில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்படைய ஒன்றுமில்லை.

நீங்கள் செயலி தேடிப் போனதற்கான காரணத்தை உங்கள் கடிதமே தெளிவாகச் சொல்கிறது. கேட்டு எழுதும்போது தவறு நேர்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வாடிக்கையாளர் சாமான் சொல்லும் முறையில் கோளாறு எதுவும் இல்லை. கடையில் எழுதிக்கொண்டது சரிதானா என்று, சொன்னவர் பார்த்து உறுதிசெய்ய வழியில்லாததுதான் குறை. அந்தக் குறை கடையின் பக்கம் இருக்கிறது. செயலியோ எழுதும் வேலை முழுவதையும் வாடிக்கையாளரின் கைக்கு மாற்றிவிட்டது. ஆகவே குரல் பதிவை நிறுத்த முயலாதீர்கள். அது வரட்டும். அதற்கு மறுமொழியாக எழுத்தில் ஒரு பட்டியலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பெண்மணி குரல் பதிவு அனுப்புகிறார். கடையில் இருப்பவர் அதைக் கேட்டுக் கணினியில் பட்டியலாகப் பதிகிறார். உடனே அந்தப் பெண்மணியின் புலனத்துக்கே ஓர் இணைப்பு போகிறது. அதைத் தொட்டால், பதிவிறக்கமோ கடவுச்சொல்லோ இல்லாமல், கைப்பேசியின் உலாவியில் ஒரே ஒரு பக்கம் திறக்கிறது. மேலே அவருடைய தோட்டத்தின் பெயரும் வேன் வரும் நாளும். கீழே ஒவ்வொரு வரியிலும் பொட்டலத்தின் படம், பெயர், எடை, எத்தனை, என்ன விலை. ஐந்து கிலோ அரிசி என்று அவர் சொன்னது எந்த நிறப் பையில் வரும் அரிசி என்பது படத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதைவிடக் கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது எளிது என்பது, 1994இல் பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் வகுத்துத் தந்த பத்து வடிவமைப்பு நெறிகளுள் ஒன்று. மளிகைப் பட்டியலுக்கு அது வேறு எதைவிடவும் நன்றாகப் பொருந்தும். தவறான வரியைத் தொட்டால் அதே சாமானின் மற்ற இரண்டு மூன்று வகைகள் படத்தோடு விரியட்டும். பக்கத்தின் அடியில் 'சரி' என்று அகலமான ஒரு பொத்தான். அதை அழுத்திய பிறகும், வேன் புறப்படுவதற்கு முந்திய மாலை வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அங்கேயே எழுதிவைத்தால், அவர் அச்சமின்றி அழுத்துவார். மாதந்தோறும் ஏறக்குறைய அதே சாமான் வாங்குகிறவர்களுக்கு, 'போன மாதம் வாங்கியது' என்ற பட்டியலையே திறந்து காட்டி, வேண்டாததை நீக்கச் சொன்னால் குரல் பதிவுகூடத் தேவைப்படாமல் போகலாம். அது அவர்களாக விரும்பி வரவேண்டிய வழி, கட்டாயப்படுத்தாதீர்கள்.

இனி இந்த ஒரு பக்கத்தைக் கைக்கும் கண்ணுக்கும் பொருந்த அமைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். படங்களில் என்னை மிகவும் உறுத்தியது, எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் வைத்திருக்கும் இரண்டு குறிகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அரிசி மணியளவில் இருக்கின்றன. இலக்கு சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதை எட்ட நேரம் கூடும் என்பதை 1954இலேயே பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளில் தொடுமிடம் 44 புள்ளிக்கு (திரை அளவைக் குறிக்கும் அலகு) குறையக் கூடாது என்கிறது. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 48 அலகு என்கிறது. இவையெல்லாம் பொதுவான விரல்களுக்கு வகுத்த அளவுகள். உங்கள் வாடிக்கையாளர்களின் விரல்கள் பால் மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் காய்த்துப்போனவை. தொடுதிரை, விரல் படும்போது ஏற்படும் மின்தேக்க மாற்றத்தைக் கொண்டே தொடுகையை அறிகிறது. தடித்துக் காய்ந்த தோல் அந்த உணர்வைக் குறைத்துவிடும், ஈரம் அதைக் குழப்பிவிடும். ஒரு முறை தொட்டு ஒன்றும் நடக்காமல், மறுபடி அழுத்தித் தொடும்போது பக்கத்துக் குறி வேலை செய்துவிடுவது இதனால்தான். ஆகவே தொடுமிடம் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமலும், கூட்டலும் கழித்தலும் எண்ணின் இரு பக்கங்களிலும் விலகியும் இருக்கட்டும். தொட்டவுடன் நிறம் மாறி, தொட்டது பதிவாகிவிட்டது என்று காட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அது நடந்தால் தம் விரலே அதைச் செய்ததாக மனிதருக்குத் தோன்றும். ஒரு நொடியைத் தாண்டினால் காத்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடும்.

முக்கியமான பொத்தானைத் திரையின் அடிப்பகுதியில் வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பொது இடங்களில் கைப்பேசியைப் பயன்படுத்தியவர்களை ஸ்டீவன் ஹூபர் என்னும் வடிவமைப்பாளர் நேரில் கவனித்து, 2013இல் வெளியிட்ட ஆய்வில் 1,333 பேரைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். ஒரு கையில் பிள்ளையோ பையோ இருக்கும் வீட்டுப் பெண்மணிக்கு உங்கள் செயலியின் மேல் மூலையில் இருக்கும் 'உறுதிசெய்' குறி எட்டவே எட்டாது.

வெளிச்சத்தையும் மறந்துவிடாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து உங்கள் கடைக்குள் அழகாகத் தெரியலாம். மதிய வெயிலில் வீட்டு வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது வெற்றுத் திரை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதம் வேண்டும் என்பது இணைய அணுகுதலுக்கான உலகளாவிய வழிகாட்டு நெறி. நான் உங்களிடம் கேட்பது அதைவிடக் கூடுதல்: கறுப்பு எழுத்தையே வையுங்கள். வயதானவர்களின் கைப்பேசியில் பிள்ளைகள் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் அதை 200 விழுக்காடு வரை பெரிதாக்க முடிகிறது. அப்படிப் பெரிதாக்கினால் உங்கள் செயலியில் விலை ஒரு பக்கமும் பெயர் இன்னொரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்று படங்களைப் பார்க்கையில் தோன்றுகிறது. செய்து பாருங்கள். தமிழ் எழுத்தில் மேலே ஏறும் சுழியும் கீழே இறங்கும் காலும் இருப்பதால், ரோமன் எழுத்துக்கு வைத்த வரி இடைவெளி நமக்குப் போதாது. உகரக் குறிகள் வெட்டுப்பட்டு நிற்கும். சொற்களும் நீளமானவை. பெயர் ஒரு வரிக்குள் அடங்காவிட்டால் மூன்று புள்ளி வைத்து முறித்துவிடாமல் இரண்டாம் வரிக்குப் போகட்டும்.

அண்ணன் தமிழை வலியுறுத்துவது நல்ல எண்ணம்தான். தமிழ்ப் பள்ளியில் படித்த மூத்தவர்களுக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும். ஆனால் மலாயில் விரைவாகப் படிக்கும் மருமகளும் பேரனும் அதே வீட்டில் இருப்பார்கள், பட்டியலைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலும் அவர்களே. பக்கத்தின் மேலே 'தமிழ்', 'மலாய்' என்ற இரண்டு சொற்களையும் எப்போதும் தெரியும்படி வைத்துவிடுங்கள். கொடிப் படமோ பட்டியலுக்குள் ஒளிந்த அமைப்போ வேண்டாம். மொழியை மாற்றியதால் மட்டும் 75 தொடுதல்கள் குறையப்போவதில்லை என்பதை அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அலைவரிசை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் தோட்டப்புறத்தில் பாதிச் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டதால், 4ஜி எட்டாத பள்ளத்திலும் செம்பனை மரங்களுக்கு நடுவிலும் கைப்பேசி 2ஜிக்கு இறங்கிவிடும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. கனமான படங்கள் வேண்டாம். ஒவ்வொரு பொட்டலப் படமும் சில கிலோபைட்டுக்குள் அடங்கட்டும். 'சரி' அழுத்தும்போது தொடர்பு இல்லையென்றால் பக்கம் அதைக் கைப்பேசியிலேயே சேமித்துவைத்து, தொடர்பு வந்ததும் மீண்டும் அனுப்ப முயல வேண்டும். நிலவரத்தையும் உண்மையாகச் சொல்ல வேண்டும்: 'கடைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை' என்பது ஒரு நிலை, 'கடைக்குக் கிடைத்துவிட்டது' என்பது வேறொரு நிலை. சுழன்றுகொண்டே இருக்கும் வட்டம் இரண்டையும் சொல்வதில்லை. அதைப் பார்த்துப் பொறுமையிழந்து நான்கு முறை அழுத்துகிறவருக்கு நான்கு மூட்டை அரிசி போய்விடாதிருக்க, ஒவ்வொரு பட்டியலுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணைக் கொடுத்து, அதே எண் எத்தனை முறை வந்தாலும் ஒரே ஆணையாகக் கணக்கில் கொள்ளும்படி நிரலாளரிடம் சொல்லுங்கள். இது அவர்களுக்குப் பழகிய வேலைதான். கேட்காவிட்டால் செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு.

பணம் கட்டினால்தான் ஆணை முடிவடையும் என்று உங்கள் செயலியின் கடைசித் திரை சொல்வதைப் பார்த்து வருந்தினேன். தோட்டத்து மளிகை வியாபாரம் சம்பள நாளை வைத்து ஓடுவது. 555 என்ற சிறு கடன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் தீர்ப்பது உங்கள் தந்தையார் காலத்து நம்பிக்கை. அதைச் செயலியின் வடிவமைப்பு ஓசையில்லாமல் முறித்துவிட்டது. 'கணக்கில் எழுதுங்கள்', 'வேன் வரும்போது ரொக்கம்', கைப்பேசியில் பணம் செலுத்தும் 'டியூட்நவ் கியூஆர்' என்று மூன்று வழிகளையும் கொடுங்கள். ஆனால் பழைய பாக்கி எவ்வளவு என்பதை அந்தப் பக்கத்தில் காட்டாதீர்கள். ஒரே கைப்பேசியை வீட்டில் மூவர் நால்வர் எடுத்துப் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கடன் தொகை அவர்கள் கண்ணில் படுவது அவமானம். கேட்டவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். இணைப்பும் எளிதில் ஊகிக்க முடியாததாகவும், சாமான் போய்ச் சேர்ந்ததும் காலாவதியாவதாகவும் இருக்கட்டும். பெயரும் எண்ணும் சேர்த்து வைப்பதால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாடிக்கையாளர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புத் தர வேண்டும். தமிழிலும் சேர்த்துக் கொடுப்பது உங்கள் மரியாதை.

இவையெல்லாம் சரியாக அமைந்தனவா என்பதை என்னாலோ எந்த நிறுவனத்தாலோ மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. தாளில் அந்தப் பக்கத்தைக் கைப்பேசி அளவில் வரைந்துகொண்டு, ஐந்து வாடிக்கையாளர்களிடம் போங்கள். ஒரே வகைப் பயனர்களில் ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது நீல்சனின் புகழ்பெற்ற பரிந்துரை; என் அனுபவமும் அதுவே. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள், பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) போகும் அவசரத்தில் பிடித்து நிறுத்தாதீர்கள். இன்னொன்றையும் முக்கியமாகச் சொல்கிறேன். முதலாளி மகளே வீடு தேடி வந்து, 'எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டால், 'நல்லா இருக்கும்மா' என்பதைத் தவிர வேறு பதில் வராது. நம்மவர்களின் மரியாதை அப்படி. அதனால் கருத்துக் கேட்க வேண்டாம். வேலை கொடுங்கள்: 'இந்தப் பட்டியலில் எண்ணெய் ஒரு போத்தல்தான் இருக்கு, உங்களுக்கு ரெண்டு வேணும். மாத்திக் காட்டுங்க.' சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கடையோடு தொடர்பில்லாத தோழி ஒருவரை இதற்கு அனுப்புங்கள். உடனிருக்கும் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க முந்துவார்கள்; அவர்களுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம்.

தாளில் தேறிய பிறகு, நிரல் எழுத ஆள் தேடுவதற்கு முன்பே, புலனத்தின் வணிகப் பதிப்பில் இலவசமாகக் கிடைக்கும் பொருள் பட்டியல் வசதியைக் கொண்டு ஒரு தோட்டத்துக்கு மட்டும் இதைக் கையாலேயே நடத்திப் பாருங்கள். குரல் பதிவைக் கேட்டு, பட்டியலைத் தட்டச்சு செய்து, படத்தோடு திருப்பி அனுப்பி, 'சரி' என்ற பதில் வந்த பின் சாமானைக் கட்டுங்கள். ஒரு சம்பள மாதம் இப்படி நடந்தால், திரும்பி வரும் சாமான் குறைகிறதா என்பது வேன் ஓட்டுநருக்கே தெரிந்துவிடும். குறையாவிட்டால் புதிய நிரலுக்குச் செலவழிக்க வேண்டாம், எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

குறைந்தால், பழைய நிறுவனத்திடமே இந்த ஒற்றைப் பக்கத்தைச் செய்யச் சொல்லலாம். விலைப் பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் செலவு குறையும். செயலியை இப்போதைக்கு அப்படியே விட்டுவையுங்கள், அதைப் பயன்படுத்தும் சிலரும் உங்கள் வாடிக்கையாளர்கள்தாமே. ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: விலையையும் படத்தையும் கடையிலிருந்தே நீங்கள் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும், மூல நிரலும் தரவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கடைசித் தவணைப் பணம் உங்கள் வாடிக்கையாளர்கள் ஐவர் தத்தம் கைப்பேசியில், யாருடைய உதவியுமின்றி, ஒரு பட்டியலைத் திருத்தி உறுதிசெய்து காட்டிய பிறகே கொடுக்கப்பட வேண்டும்.